இறகு வீட்டுத் துளசிங்கம்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில், ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் துளசிங்கம் என்று ஒரு வலைக்காரன் இருந்தான். தொழிலில் சூரன் என்று சொல்ல முடியாது, சோம்பேறி என்றும் சொல்லிவிட முடியாது. ஊரில் அவன் பேர் வாங்கியது வாயால். யாரைப் பார்த்தாலும் அவனுக்கு இளக்காரம். எதிரே வருகிறவனை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பான், ஒரு பட்டப்பெயர் வைப்பான், அந்தப் பெயர் அந்த ஆளைச் சுடுகாடு வரைக்கும் விடாது. ஊர்த் தலைவர் தேசப்பன் நாட்டார் வழக்குக் கேட்கும்போது வாயைப் பிளப்பார் என்று அவருக்குக் ‘கொட்டாவி’. பக்கத்து வீட்டுக் கோதண்டத்தின் வயிற்றில் எந்தச் சேதியும் தங்காது என்று அவனுக்கு ‘ஓட்டைப் பானை’. நாட்டாரின் சொந்த மருமகளே அடுப்படியில் மாமனாரைக் கொட்டாவி என்றுதான் சொல்கிறாள் என்று கேள்விப்பட்டபோது துளசிங்கம் வலை நிறைய மீன் கண்டவன் போலப் பூரித்துப் போனான்.

பெண்டாட்டி செல்வம்மாளுக்கு மட்டும் பட்டப்பெயர் கிடையாது. கல்யாணமான புதிதில் ஒன்று வைத்துப் பார்த்தான். அன்றைக்கு அவனுக்குச் சோறு கிடைக்கவில்லை.

மனிதர்களை அவன் மீன் பிடிக்கிற விதத்தை வைத்துத்தான் எடை போடுவான். வலை போடுகிறவன் மனிதன். கரையில் குந்திக்கொண்டு தூண்டில் போடுகிறவன் வேலைவெட்டி இல்லாதவன், ஒரு மீனுக்காக ஒரு பொழுதைத் தொலைக்கிறவன், தண்ணீரிடம் பிச்சைக்கு உட்கார்ந்தவன். குப்பத்தில் எல்லாருக்கும் இந்த எண்ணம் கொஞ்சம் உண்டு. தூண்டிலை அங்கே யாரும் தொழிலென்று மதித்ததில்லை. ஆனால் மற்றவர்கள் மனத்தோடு வைத்துக்கொள்வார்கள். துளசிங்கம் தூண்டில்காரனைக் கண்டால் காறித் துப்பிவிட்டுத்தான் தாண்டிப் போவான்.

ஏரி எல்லாருக்கும் பொது, நடு ஏரியில் வலைக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனால் ஆறு வந்து விழுகிற இடத்தை ஒட்டி மீன் கூடுகிற நல்ல இடங்களுக்குப் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒருமுறை எல்லையம்மன் கோயில் முன்னால், வீட்டுக்கு ஓர் ஓலை நறுக்கு என்று பாடுகளின் பெயர் எழுதிப் பானையில் போட்டுக் குலுக்குவார்கள். எந்த வீட்டுக்கு எந்தப் பாடு விழுகிறதோ அந்த வருஷம் அந்த வீட்டின் வலை அங்கே இறங்கும். நல்ல பாடு விழுந்தவன் அகலமாக நடப்பான், சுமார் பாடு விழுந்தவன் அம்மனைத் திட்டிக்கொண்டே பிழைத்துக்கொள்வான். பானையில் ஓலையே இல்லாதவன் அந்த வருஷம் பட்டினிதான், வேறு வழியில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஆரணியாறு கரையை உடைத்துக்கொண்டது. பழைய வழியை விட்டுவிட்டுப் பனந்தோப்பைப் பிளந்து, உப்பளத்தைக் கரைத்து, குப்பத்துக்கு வடக்கே புது வாய் திறந்து ஏரியில் விழுந்தது. தலைமுறை தலைமுறையாகப் பெயர் வைத்துக் கூப்பிட்டு வந்த பாடுகள் அத்தனையும் மண்மேடு. அங்கே கொக்கு நின்றால் கணுக்கால் நனையாது. புது ஆற்றில் தண்ணீர் ஓடியது, மீன் இருக்குமா, எங்கே இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. நாட்டார் ஊரைக் கூட்டினார். புது ஆறு கன்னித் தண்ணீர், தை பிறந்து அம்மனுக்குப் பொங்கல் வைத்து, அதைப் பாடு பாடாகப் பிரித்துப் பானை குலுக்குகிற வரைக்கும் ஒரு வலையும் அதில் படக்கூடாது, மீறி நனைத்த வீட்டின் ஓலை பானைக்குப் போகாது என்று சொல்லிவிட்டு ஒரு கொட்டாவி விட்டார். குப்பம் கருவாட்டையும் கஞ்சியையும் வைத்து நாளை ஓட்டியது.

இந்த நேரம் பார்த்துத்தான் கோட்டையிலிருந்து ஹென்ரிக் வந்தான். ஒல்லாந்துக் கும்பினியில் கூலிக்குச் சேர்ந்து கடல் தாண்டி வந்தவன். துணிக் கிடங்குக்குக் காவல். பிறந்தது எங்கேயோ கடலே இல்லாத மலைநாட்டில். புது ஆற்றைப் பார்த்ததிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டைக்கு முறை வைத்துத் தோணி தள்ளுவது குப்பத்தின் கடமை. அந்த முறை துளசிங்கத்துக்கு வந்தது.

தோணியில் ஏறிய தொரையின் கையில் இருந்ததைப் பார்த்துத் துளசிங்கத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மூங்கில் கோல். அதன் நுனியில் குதிரை வால் மயிரைத் திரித்த கயிறு. கயிற்றின் முனையில் ஒரு குட்டி முள், அந்த முள்ளில் கொக்கின் இறகும் சேவல் இறகும் சேர்த்து, கிடங்கில் உருவிய சிவப்புப் பட்டு நூலால் கட்டிய ஒரு பூச்சி. இரை இல்லை, ஈயக்குண்டு இல்லை. தொரை தோணியில் எழுந்து நின்று கோலை முன்னும் பின்னும் ஆட்டுவான், கயிறு தலைக்கு மேலே வளைந்து வளைந்து பறக்கும், கடைசியில் அந்த இறகு பூப்போலத் தண்ணீரில் போய் உட்காரும். உடனே எடுத்து மறுபடியும் ஆட்டுவான். காலையிலிருந்து வெயில் ஏறும் வரை இதே கூத்து.

அரைகுறைத் தமிழில் தொரைக்குப் பேச்சு வேறு. அவன் ஊர் ஆற்றில் உடம்பெல்லாம் புள்ளி போட்ட மீன் உண்டாம், பனிக்கட்டித் தண்ணீரில்தான் வாழுமாம், தண்ணீர்மேல் உட்காருகிற பூச்சியைப் பாய்ந்து கவ்வுமாம். ஒரு வெள்ளத்தில் அந்த ஆறும் இதே மாதிரி இடம் மாறியதாம். வேகத் தண்ணீரும் சும்மா கிடக்கிற தண்ணீரும் உரசுகிற கோட்டில் மீன் போய் நின்றுகொண்டதாம், இங்கேயும் அங்கேதான் நிற்குமாம். இந்தச் சேற்று மீனெல்லாம் அதன் கால்தூசு பெறாது என்றான். வலை குருடன் செய்கிற வேலை, உள்ளே என்ன வரும் என்று போடுகிறவனுக்கே தெரியாது என்றும் சொன்னான். துளசிங்கம் கழியை ஊன்றியபடி ‘ஆமாந் தொரை’ என்று தலையாட்டினான். அவன் மனத்துக்குள் அதற்குள்ளே பெயர் தயாராகிவிட்டது. ‘இறகு தொரை’.

சாயங்காலம் கள்ளுக்கடையில் கூட்டம் கூடியது. துளசிங்கம் ‘இறகு தொரை’ என்று அறிவித்துவிட்டுத் தோணிக்கழியை எடுத்துக்கொண்டு நடுவில் நின்றான். இடுப்பை ஒடித்து, ஒரு கையைப் பின்னால் வைத்து, கழுத்தை நீட்டி, இல்லாத கயிற்றை முன்னும் பின்னும் வீசினான். இறகு விழுந்த இடத்தைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். வராத மீனுக்குத் தொப்பியைக் கழற்றிக் கும்பிடு போட்டான். கள் குடித்தவர்கள் குடித்ததை வெளியே விட்டுச் சிரித்தார்கள். வலைப்பக்கம் போக முடியாமல் காய்ந்து கிடந்த ஊருக்கு இது பெரிய ஆறுதல். அடுத்த நாளும் கேட்டார்கள், அதற்கடுத்த நாளும் கேட்டார்கள். ஆட்டம் நன்றாக வர வேண்டுமே என்று துளசிங்கம் தோணியில் தொரையின் ஒவ்வொரு அசைவையும் உற்றுப் பார்த்தான். மணிக்கட்டு எங்கே நிற்கிறது, கயிறு பின்னால் நீள எவ்வளவு நேரம் பொறுக்கிறான், எல்லாம் அவனுக்கு அத்துபடி ஆயிற்று. கேலி செய்யத்தான் கற்றுக்கொண்டான், வேறொன்றுக்கும் இல்லை.

தைக்குச் சற்று முன்னால் ஒருநாள், தொரைக்கு வயிறு கலங்கியது. நம் ஊர்த் தண்ணீர் அவர்களை அப்படித்தான் பண்ணும். கோலைத் தோணியில் போட்டுவிட்டு அவசரமாகக் கரையேறித் தாழம்புதருக்குப் பின்னால் ஓடினான். துளசிங்கம் தனியாக இருந்தான். கோல் பக்கத்தில் கிடந்தது. ராத்திரி ஆட்டத்துக்கு ஒரு ஒத்திகை பார்த்தால் என்ன என்று தோன்றியது. எடுத்துக்கொண்டு எழுந்தான். இடுப்பை ஒடித்தான், ஒரு கையைப் பின்னால் வைத்தான், கழுத்தை நீட்டினான், பழிப்புக் காட்டிக்கொண்டே வீசினான். நிஜக் கயிறு அவன் நினைத்ததைவிட அழகாகப் பறந்தது. விழுந்து கிடந்த பனைமரம் ஒன்றின் ஓரத்தில், ஓடுகிற தண்ணீரும் தேங்கின தண்ணீரும் உரசுகிற இடத்தில் இறகு போய் இறங்கியது.

தண்ணீர் ‘டப்’பென்று வாய் திறந்து மூடியது. கோல் வளைந்தது.

அதற்கப்புறம் நடந்ததை அவன் சாகிற வரைக்கும் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவன் பிடித்த மீனெல்லாம் கும்பலாக வந்தவை, வலையை உதறும்போது குவிந்து துள்ளியவை. ஒரு மீன், ஒரே ஒரு மீன், ஒரு மயிர்க்கயிற்றின் மறுமுனையில் தன்னோடு மல்லுக்கட்டுவதை அவன் கை அதுவரை அறிந்ததில்லை. கொடுவா அது, நல்ல பருத்த கொடுவா. அது இழுத்த இழுப்பு முழங்கை வழியாக நெஞ்சுக்குள் போயிற்று. சந்தோஷமாக இருந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம். தோணி ஓரத்துக்குக் கொண்டுவந்து செவுளில் கைவிட்டு உள்ளே தூக்கிப் போட்டதும் கயிறு அறுந்துகொண்டது. இறகு மீனின் தொண்டைக்குள்ளே தங்கிவிட்டது.

புதருக்குப் பின்னாலிருந்து தொரை வருகிற சத்தம் கேட்டது. துளசிங்கம் மீனைப் பலகைக்கு அடியில் தள்ளி ஈரக்கோணியைப் போட்டு மூடினான். காற்றில் கோல் சாய்ந்து கயிறு பனைமரத்தில் மாட்டி அறுந்துவிட்டது என்றான். தொரை அவனை மாடு என்று அவன் பாஷையில் திட்டியிருக்க வேண்டும். துளசிங்கம் காது கொடுக்கவில்லை.

மீனைத் தண்ணீரில் விட்டிருக்கலாம். கோட்டை வாசலில் யாருக்காவது கொடுத்திருக்கலாம். வீட்டுக்குத்தான் கொண்டு போனான். பல நாளாக வீட்டில் பச்சை மீன் வாசனை இல்லை. கோணிக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. கரையில் பழைய வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த கோதண்டம் கவனித்தான். ஓட்டைப் பானை தன் பேரைக் காப்பாற்றிக்கொண்டது. உலை கொதிப்பதற்குள் குப்பம் முழுக்கச் சேதி. பழைய பாடெல்லாம் மண். கொடுவா வந்தால் புது ஆற்றிலிருந்துதான் வரவேண்டும். அப்படியென்றால் துளசிங்கம் கன்னித் தண்ணீரில் வலையை நனைத்துவிட்டான்.

மறுநாள் காலை எல்லையம்மன் கோயில் பூவரச மரத்தடியில் ஊர் கூடியது. ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் தள்ளி நின்றார்கள். துளசிங்கம் நடுவில் நின்றான். மீன் எங்கே கிடைத்தது என்று நாட்டார் கேட்டார். புது ஆற்றில் என்றான். எப்படி என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அவன் ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு யோசித்து வைத்திருந்தான். உள்ளதைச் சொன்னால் குற்றமே கிடையாது. தூண்டிலைத்தான் அந்த ஊரில் யாரும் தொழிலென்று எண்ணவில்லையே, அதற்கு யார் தடை போடப் போகிறார்கள். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். அவன்தானே அந்த ஊருக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தவன்.

“வலை போட்டேன்” என்றான்.

கூட்டம் சலசலத்தது. அப்போது செல்வம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து விலகி நேரே நடுவுக்கு வந்தாள். அவள் கையில் ஒரு பூவரச இலை. அதை நாட்டார் முன்னால் மண்ணில் வைத்தாள். இலைமேல் கொக்கு இறகும் சேவல் இறகும் சிவப்பு நூலும் சுற்றிய முள் இருந்தது. அலசின பிறகும் அதில் மீன் ரத்தம் ஒட்டியிருந்தது.

“மீனு தொண்டையில இருந்துது. வலையில எங்கனாச்சும் இறகு மொளைக்குமா நாட்டாரே? இந்த ஆளு பொய் சொல்லிக்கினு கீறாரு.”

நாட்டார் முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு முதலிலேயே சந்தேகம் இருந்திருக்க வேண்டும். துளசிங்கத்தின் வலை வாசல் கொம்பில் காய்ந்து கிடந்ததை வருகிற வழியில் அவரே பார்த்திருந்தார். அவன் தன்னைக் கொட்டாவி என்று சொல்வதும் அவருக்குத் தெரியும். இருந்தாலும் அவர் ஒரு வழி காட்டினார். அதை மறுக்க முடியாது.

“துளசிங்கம், நல்லா யோசிச்சிக்கோ. தொரையோட கோல்ல புடிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லு. கோலுக்கு நம்ம ஊர்ல தடை இல்ல. உன் ஓலை பானைக்குப் போயிடும்.”

துளசிங்கம் சுற்றிலும் பார்த்தான். முன்வரிசையில் கோதண்டம் உட்கார்ந்திருந்தான். அவன் உதடு அதற்குள்ளே ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது, ஒரு கை மெதுவாக முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. தான் போட்டுக் காட்டிய ஆட்டத்தைத் தனக்கே போட்டுக் காட்ட ஊர் காத்திருக்கிறது என்று துளசிங்கத்துக்கு விளங்கியது. ஒரு வருஷச் சோறு ஒரு பக்கம், அந்தச் சிரிப்பு ஒரு பக்கம்.

“நான் வலைக்காரன். வலை போட்டுத்தான் புடிச்சேன். அந்த இறகு எவனுதோ, எனக்குத் தெரியாது.”

இதை மானம் என்று சொன்னால் மானத்துக்குத்தான் கேவலம். செய்யாத குற்றத்தை மார்தட்டி ஒப்புக்கொண்டான் அந்த மடையன், செய்த நல்ல காரியம் வெளியே தெரியக்கூடாது என்று. நாட்டார் நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். தன் வாயாலேயே ஒத்துக்கொண்டவனுக்குச் சாட்சி வேண்டியதில்லை என்றார். அந்த வருஷம் துளசிங்கம் வீட்டு ஓலை பானைக்குப் போகவில்லை.

செல்வம்மாள் குனிந்து இலையை மடித்து முள்ளை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். புருஷனை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள். அவன் தன் ஆயுளில் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறான். தன்னை ஒருவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

புது ஆறு அள்ளிக் கொடுத்தது. தை கழிந்து வலை இறங்கிய வீடெல்லாம் மீன் நாற்றம், அதாவது செழிப்பு. துளசிங்கம் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் வலை இழுக்கிற லட்சணத்தைக் குறை சொன்னான். யாரும் கேட்கவில்லை. வீட்டில் அரிசிப் பானையின் அடி தெரிந்தது. ஒருநாள் காலை செல்வம்மாள் மூங்கில் கழி ஒன்றைச் சீவினாள். கோட்டை லாயத்தில் வேலை செய்கிற மரியம்மாவிடம் குதிரை வால் மயிர் வாங்கி வந்து திரித்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த முள்ளைக் கட்டினாள். பட்டப்பகலில், ஊர் பார்க்க, தொரை தினமும் தோணி நிறுத்துகிற, விழுந்த பனைமரத்துக்கு எதிர்க்கரையில் போய் நின்றாள்.

முதலில் கயிறு அவள் கொண்டையில்தான் மாட்டியது. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, கயிற்றைப் பிரித்துவிட்டு மறுபடி வீசினாள். பாடு பிரித்த இடமெல்லாம் வலைக்குத்தான், கோலுக்கு யாருடைய ஓலையும் வேண்டாம். தோணியில் அந்தப் பக்கம் போன ஹென்ரிக் அவள் கோலைத் துடைப்பக்கட்டை மாதிரிப் பிடிக்கிறாள் என்று தலையில் அடித்துக்கொண்டான். மழைக்கு முன்னால் அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அதற்குள் அவள் கொக்கு இறகை அவனைவிட இறுக்கமாகக் கட்டப் பழகியிருந்தாள். கோட்டை வாசலில் அவள் கொண்டுபோகிற கொடுவாவுக்குக் கிராக்கி. வலையில் அடிபடாத மீன், செதில் கலையாத மீன் என்று சமையல்காரர்கள் தேடி வந்தார்கள்.

துளசிங்கம் தின்றான். தின்றுகொண்டே இறகு வாடை அடிக்கிறது என்றான். இதெல்லாம் மீனா, பிச்சை என்றான். செல்வம்மாள் குழம்பை ஊற்றுவதை நிறுத்தவில்லை.

“வாயில போறது மீனுதான். உன் மானத்த தனியா பொரிச்சித் தரேன், துன்னு.”

அவன் அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் பேசுவதை விட்டுவிட்டான். கள்ளுக்கடையிலும் அவனுக்குப் பேச்சு ஓடவில்லை. யாருக்காவது பெயர் வைக்க வாயெடுத்தால் எதிரே இருக்கிறவன் சும்மா தோளை ஒருமுறை முன்னும் பின்னும் ஆட்டுவான். அவ்வளவுதான், துளசிங்கம் கள் மொந்தையை எடுத்துக்கொண்டு வேறு மூலைக்கு நகர்ந்துவிடுவான்.

மறு தை வந்தது. தண்டனை தீர்ந்தது. எல்லையம்மன் கோயில் முன்னால் பானை வைத்தார்கள். துளசிங்கம் வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் நின்றான். ஒரு வருஷம் எப்படியோ கழிந்துவிட்டது, இனி வலைக்காரன் வலைக்காரனாகிவிடுவான் என்று அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. நாட்டார் வீட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்டதும் அந்த வீட்டு ஆள் குரல் கொடுத்துவிட்டு வந்து பானையில் கைவிட வேண்டும். குரல் வராவிட்டால் அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீடு. அதுதான் வழக்கம்.

கோதண்டம் வீடு போயிற்று. அடுத்தது தன் வீடு என்று துளசிங்கம் ஓரடி முன்னால் வைத்தான்.

“இறகு வீடு” என்று கூப்பிட்டார் நாட்டார்.

துளசிங்கம் நின்றுவிட்டான். சிரிப்புக்காகக் காத்திருந்தான். சிரிப்பு வரவில்லை. கோதண்டம் தன் ஓலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் தங்கள் முறையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நாட்டார் முகத்தில் கேலியின் சாயல்கூட இல்லை. கோட்டை வாசலில் மீன் வாங்குகிறவர்கள் ஒரு வருஷமாக அந்த வீட்டை அப்படித்தான் கேட்டு வருகிறார்கள், ஊருக்கும் அது பழகிப் போயிருந்தது. கருவேல மரத்தடி வீடு, மேட்டு வீடு என்பதுபோல அதுவும் ஒரு வீட்டுப் பெயர். அவன் வைத்த பெயர்தான்.

கூட்டத்துக்கு அப்பால் செல்வம்மாள் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் நடந்துகொண்டிருந்தாள். என்ன பாடு விழுகிறது என்று பார்க்கக்கூட அவள் நிற்கவில்லை.

“இறகு வீட்டு ஆளு கீதா, இல்லியா?” என்று நாட்டார் இன்னொரு முறை கேட்டார். அடுத்த வீட்டைக் கூப்பிட அவர் வாய் திறந்தது. அது கொட்டாவியாகவும் இருக்கலாம்.

“கீறேன், நாட்டாரே” என்றான் துளசிங்கம், பானையில் கையை விட்டான்.